ஐம்பத்தெட்டு வரிகள்

ஆகஸ்ட் 14, 2007. செவ்வாய்

நான் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் இன்றும் மூன்று பக்கத்துக்குத் திட்டித் தீர்த்தது. பிழை ஒன்றே ஒன்றுதான். எந்த மதிப்பையும் திருப்பித் தராத மெத்தட்களுக்கு டெம்ப்ளேட் என்கிற அச்சில் தனி வடிவம் எழுத மறந்திருந்தேன். அந்த மூன்று பக்கத்தில் ஓரிடத்திலும் அதை நேராகச் சொல்ல அதற்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கள் ஊர் லங்காஸ்டரிலிருந்து போனில் கேட்டார். "அங்க நீ என்னதான் செய்யற கெண்ட்ரா? ஒரு தடவையாவது எனக்குப் புரியற மாதிரி சொல்லு." இருபத்தொன்பது வருடம் கண்ணாடித் தொழிற்சாலையில் சூளைக்கு முன்னால் நின்றவர். எனக்குச் சொல்ல வரவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் சாஃப்ட்வேர் சரக்குக் கிடங்குகளை நடத்துகிறது. யார் எந்த வரிசைக்குப் போக வேண்டும், எந்தப் பெட்டியை எடுக்க வேண்டும், எத்தனை நொடிக்குள். புரோகிராமுக்குள் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் உருவம் இருக்கிறது. அந்த உருவத்துக்கு 'ஏழாம் வரிசைக்குப் போ' என்று சொல்வது, 'இன்று எத்தனை பெட்டி எடுத்தாய்' என்று கேட்பது, இப்படி ஒவ்வொன்றும் ஒரு மெத்தட். விதிகள் கிடங்குக்குக் கிடங்கு வேறு. ஒவ்வொரு விதிக்கும் மொத்தப் புரோகிராமையும் பிரித்துக் கட்ட முடியாது. அதனால் உள்ளே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மொழியை உட்கார வைத்திருக்கிறோம். கிடங்கில் இருப்பவர்களே அதில் தங்கள் விதிகளை எழுதிக்கொள்ளலாம்.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சின்ன மொழியின் கண்ணுக்கு எங்கள் மெத்தட்கள் தெரியாது. ஒவ்வொரு மெத்தடுக்கும் நடுவில் ஒரு பாலம் கட்ட வேண்டும். அந்தப் பக்கம் தரும் எண்ணை வாங்கி, சரிதானா என்று பார்த்து, இந்தப் பக்கத்துக்குப் புரியும்படி மாற்றி, மெத்தடைக் கூப்பிட்டு, வரும் பதிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு பாலத்துக்கு நாற்பது வரி. பக்கத்து மேசை ஆர்லன் இப்படிப் பதினொரு பாலம் கையால் கட்டியிருக்கிறார். பன்னிரண்டாவது வேண்டும் என்று எந்தக் கிடங்காவது கேட்டால் இரண்டு வாரம் ஆகும் என்று பதில் போகும்.

இதைப் படித்தால் அப்பாவுக்குப் புரியுமா? புரியும். சம்பளம் ஏன் இவ்வளவு என்றுதான் புரியாது.

ஆகஸ்ட் 17, வெள்ளி

முடிந்தது. மெத்தடின் முகவரியை மட்டும் கொடுத்தால் போதும். எத்தனை உள்ளீடு, எண்ணா எழுத்தா, என்ன திரும்பி வரும் என்பதையெல்லாம் கம்பைலரே பார்த்து, அந்த மெத்தடுக்கான பாலத்தைத் தானே வார்த்துக்கொள்கிறது. உள்ளீடு இல்லாததற்கு ஓர் அச்சு, ஒன்று உள்ளதற்கு ஓர் அச்சு என்று ஆறு வரை தனித்தனியாக எழுதியிருக்கிறேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடுகிறது.

இனி ஒரு மெத்தடுக்கு ஒரு வரி.

ஆர்லன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். "என் பதினொரு பாலத்துக்கு எனக்கு ஒரு கோடைகாலமே போச்சு, தெரியுமா?"

"இப்ப பதினொரு வரி."

"கண்ணாடிக்காரி, நான் வேற வேலை தேடணும்போல இருக்கே" என்றார். கண்ணாடிக்காரி என்பது அப்பாவின் தொழிற்சாலையை வைத்து அவர் எனக்குச் சூட்டிய பெயர். வேலை தேடுவதைக் கொஞ்சம் நிஜமாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். மதியம் சாண்ட்விச் அவர் கணக்கில்.

ஆகஸ்ட் 29, புதன்

விமான நிலையத்துக்குப் பக்கத்துச் செருப்புக் கிடங்கு இன்னொரு மெத்தட் கேட்டிருக்கிறது: ஓர் ஆள் கடைசிப் பெட்டியை எடுத்து எத்தனை நிமிடமாயிற்று என்பது. எத்தனை நாளாகும் என்று பிரென்ட் கேட்டான். இந்தக் கம்பெனி அவனுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவன். பிங்பாங் மேசையையும் இலவச சோடாவையும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது சம்பளத்தோடு சேர்த்துச் சொல்பவன்.

அரை மணி நேரம் என்றேன். பிறகு யோசித்தேன். அடுத்த மாதம் இன்னொன்று கேட்பார்கள், அதற்கடுத்த மாதம் வேறொன்று. அவர்கள் கிடங்கு, அவர்கள் விதி. நடுவில் நாங்கள் ஏன் வாசல்காவல் நிற்க வேண்டும்? கிடங்குத் தரையில் நிற்கிறவனுக்கு எது தேவை என்று பட்டம் வாங்கிய நாங்கள் முடிவு செய்வது எனக்கு எப்போதுமே எரிச்சல். அதனால் ஒரு குட்டி நிரல் எழுதினேன். தொழிலாளி உருவத்தின் வரையறையான கிளாஸ் ஃபைலை அதுவே படித்து, வெளியிலிருந்து கூப்பிடக்கூடிய மெத்தட் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதித் தள்ளிவிட்டது. ஐம்பத்தெட்டு மெத்தட், ஐம்பத்தெட்டு வரி. கம்பைலர் ஒரு வார்த்தை பேசவில்லை. மொத்தம் பதினொரு நிமிடம்.

பிரென்ட் எல்லோருக்கும் பீட்சா வாங்கினான்.

செப்டம்பர் 6, வியாழன்

மழை. என் கார் பாட்டரி செத்துவிட்டது. இரண்டு பஸ் மாறி வந்தேன். அலுவலகத்தில் யாருக்கும் அந்த பஸ் நம்பர்கூடத் தெரியவில்லை.

அக்டோபர் 16, செவ்வாய்

செருப்புக் கிடங்கில் மூன்று நாள் வேலை. சாஃப்ட்வேரின் புது வடிவத்தை ஏற்றி, ஸ்கிரிப்ட் எழுத ஓர் ஆளைப் பழக்க வேண்டும்.

எனக்கு நீல நிற விருந்தாளி அட்டை கொடுத்து முன்வாசல் வழியாக விட்டார்கள். தொழிலாளிகளுக்குப் பின்வாசல். கூலிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியின் வேன்களில் வந்து இறங்கி, உலோகச் சோதனைக்கு வரிசையில் நிற்கிறார்கள். அந்த நிற்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. எவனுக்கும் கிடங்கில் வேலை இல்லை, ஏஜென்சியில்தான் வேலை. ஆகவே யாரையும் வேலையை விட்டு நீக்க வேண்டிய அவசியமே இல்லை. கதவில் அட்டை எடுபடாது, அவ்வளவுதான். அட்டை எடுபடவில்லை என்றால் அடுத்த நாள் ஏஜென்சி அந்த ஆளைக் கூப்பிடாது. எத்தனை சுத்தமான ஏற்பாடு.

மாலை ஷிஃப்டில் பாதிக்கு மேல் சோமாலியப் பெண்கள். நாலாம் வரிசைக்குத் தலைமை ஊபா. முப்பத்தைந்து இருக்கும். என் மடிக்கணினியைப் பார்த்துவிட்டு, கையில் கட்டியிருந்த ஸ்கேனரை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்தக் கத்துற சனியனுக்கு நீதான் அம்மாவா?"

"சித்தின்னு வச்சுக்குங்க."

"அப்ப சித்தி, இதுக்கு வாயை மூடச் சொல்லிக் குடு. நான் குனிஞ்சு பெட்டியை எடுக்கறதுக்குள்ள மூணு தடவ கத்துது. என் மாமியார்கூட ரெண்டு தடவதான் கத்துவா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தைப் பார்த்து ஆவன செய்கிறேன் என்று என் போன் நம்பரைக் கொடுத்தேன்.

அக்டோபர் 18, வியாழன்

நான் பழக்க வேண்டிய ஆள் டுவேன், மாலை ஷிஃப்டின் மேற்பார்வையாளர். ஒன்பது வருடம் இதே கிடங்கில் பெட்டி எடுத்தவர். முட்டி போனதும் மேற்பார்வைக்கு ஏற்றியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுவிட்டது. சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து மூன்றே நாளில் ஸ்கிரிப்ட் எழுதப் பழகிவிட்டார். ஐம்பத்தெட்டு மெத்தட்களின் பட்டியலை அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். மெனு கார்டு மாதிரி விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"மேடம், இது அத்தனையும் நான் கூப்பிடலாமா? யாரையும் கேக்க வேண்டாமா?"

"யாரையும் கேக்க வேண்டாம். இது உங்க கிடங்கு."

"என் பொண்டாட்டி நம்ப மாட்டா" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தத் தொழிலில் இப்படி ஒரு நாள் வருடத்துக்கு ஒன்று வந்தால் அதிகம்.

ஒன்று கவனித்தேன். இடைவேளை ஆறரைக்கு. மணி அடித்ததும் ஊபாவும் மற்றவர்களும் பெட்டி அட்டைகளைத் தட்டையாக விரித்து, அவசரமில்லாமல் தொழுதார்கள். பிறகு எனக்கும் ஒரு சமோசா. காரம்.

நவம்பர் 4, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியாகிவிட்டது. நன்றாகத் தூங்கினேன்.

நவம்பர் 9, வெள்ளி

நாலு மணிக்கு ஊபா போன் செய்தாள். ஸ்கேனர் சத்தத்தைப் பற்றித்தான் இருக்கும், நான் மறந்தேபோனேன் என்று வெட்கத்தோடு எடுத்தேன்.

"என் அட்டை கதவுல எடுக்கல" என்றாள். "என் வரிசையில மட்டும் ஒம்பது பேருக்கு எடுக்கல. மெஷின் ரிப்பேரா?"

"ஏதாவது பிழையா இருக்கும். பாத்துட்டுச் சொல்றேன்."

"சீக்கிரம் பாரு. குளிருது, வேன் போயிடுச்சு."

அலுவலகத்திலிருந்தே கிடங்கின் இயந்திரத்துக்குள் நுழைந்து பதிவுகளைப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. எல்லாம் ஒழுங்காக ஓடியிருக்கிறது. நேற்று ஒரே நாளில் இருபத்தேழு அட்டைகள் ரத்து. இருபத்தேழும் மாலை ஐந்தரையை ஒட்டி. ரத்து செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் பெயர் இல்லை. 'ஸ்கிரிப்ட்' என்று இருந்தது.

புதன்கிழமை டுவேன் எழுதி ஏற்றிய விதி ஒன்பது வரி. ஓர் ஆள் ஒரே வாரத்தில் இரண்டு தடவை ஆறு நிமிடத்துக்கு மேல் பெட்டி எடுக்காமல் இருந்தால், அட்டையை ரத்து செய்.

அட்டையை ரத்து செய்யும் மெத்தட். அது எப்படி ஸ்கிரிப்டுக்குத் தெரிந்தது?

பட்டியலில் நாற்பத்தாறாவது வரி. ஆள் வேலையை விட்டுப் போனதும் அலுவலகத் திரையிலிருந்து கூப்பிடுவதற்காக இருந்தது. என் குட்டி நிரல் அதையும் அள்ளிப் போட்டிருக்கிறது. நான் படித்துப் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டில் ஒன்றைக்கூடப் படித்துப் பார்க்கவில்லை. டுவேன் விரல் வைத்துப் படித்தார், நான் படிக்கவில்லை.

ஏன் ஐந்தரை? அதுவும் புரிந்துவிட்டது. கடிகாரம். போன வாரம் வரை சூரியன் ஆறரையை ஒட்டி விழுந்தது, இடைவேளையோடு. இந்த வாரம் ஐந்தரைக்கு முன்னாலேயே விழுகிறது. சூரியன் விழுந்ததுமே தொழ வேண்டிய வேளை அது, ஆறரை வரை தள்ள முடியாது. கைகால் கழுவித் தொழுதுவிட்டு வர ஏழு நிமிடம். இரண்டு நாள் போனால் கணக்கு முடிந்தது.

ஆர்லன் கையால் கட்டியிருந்தால் இது நடந்திருக்குமா? அட்டையை ரத்து செய்யும் பாலத்துக்கு நாற்பது வரி எழுதும்போது எந்த மனிதனும் இருபதாவது வரியிலாவது, எதுக்குடா இதுன்னு கேட்டிருப்பான். எனக்குத்தான் கை வலிக்கவே இல்லையே.

நவம்பர் 12, திங்கள்

டுவேனிடம் போனில் பேசினேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன்.

"அந்த விதியை யார் எழுதச் சொன்னது?"

"சும்மா நிக்கிற நேரத்தைக் குறைக்கணும்னு மேல இருந்து தினம் கழுத்தறுக்கறாங்க. நவம்பர், டிசம்பர் பண்டிகை சீசன் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது மேடம்."

"அதுக்காக அட்டையையா?"

"நீங்க குடுத்த பட்டியல்ல இருந்துச்சு. யாரையும் கேக்க வேண்டாம்னீங்க. கூப்பிட்டேன்."

அவரே தொடர்ந்தார். "போன வருஷமும் அவங்க இதே நேரத்துக்குத்தான் போனாங்க. ரெண்டு ரெண்டு பேரா. ஊபா பாத்துக்குவா, வேலை நிக்காது. நான் வேற பக்கம் திரும்பி நின்னுக்குவேன். விதி எழுதும்போது அது ஞாபகமே வரல. ஸ்கிரிப்டுக்குத் திரும்பி நிக்கத் தெரியாதுல்ல?"

"இப்ப எடுத்துடலாமே."

"இப்பவா? சும்மா நிக்கிற நேரம் பதினெட்டு சதவீதம் குறைஞ்சிருக்கு. மேனேஜர் என் முதுகுல தட்டிக்கொடுத்தார், ஒம்பது வருஷத்துல முத தடவையா. நான் எடுத்தா அடுத்த அட்டை என்னோடது."

நவம்பர் 13, செவ்வாய்

காலையில் பிரென்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பார்க்கலாம் என்றான். பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டான் என்று அர்த்தம். பத்து மணிக்கு நாற்பத்தாறாவது வரியை நீக்கிக் கிடங்குக்கு ஏற்றினேன். ஏற்றிவிட்டேன் என்று அவனுக்கே எழுதியும் அனுப்பினேன். ஒளித்துச் செய்யவில்லை.

இல்லாத மெத்தடைக் கூப்பிட்டதும் டுவேனின் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே இருந்த விதிகளும் நின்றன. ஒரு மணிக்கெல்லாம் கிடங்கிலிருந்து போன்.

பிரென்ட் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "இங்க பதினாலு பேர் இருக்கோம் கெண்ட்ரா. நம்ம வருமானத்துல பாதி இந்த ஒரு கிடங்குதான். இவங்களுக்கு அந்த விதி பிடிச்சிருக்கு, இன்னும் ரெண்டு கிடங்கு கேட்டிருக்கு. நீ யாரைக் கேட்டு எடுத்த?"

"சேக்கும்போதும் யாரையும் கேக்கல."

"அப்ப பீட்சா சாப்பிட்டோம்" என்றான். அவனுக்கே அது எப்படி ஒலித்தது என்று தெரிந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆர்லன்தான் திரும்ப வைத்தார். ஒரு வரி. நாற்பது நொடி ஆகியிருக்குமா? என் டெம்ப்ளேட் அவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது.

"எனக்கு ரெண்டு பசங்க காலேஜ்ல இருக்காங்க" என்றார் என்னைப் பார்க்காமல். நான் எதுவும் கேட்கவில்லை.

நவம்பர் 22, வியாழன்

நன்றி நாள் (தாங்க்ஸ்கிவிங்) விருந்து. லங்காஸ்டர். வான்கோழி காய்ந்துபோயிருந்தது. அப்பாவிடம் முழுக்கச் சொன்னேன். அவர் ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"வேலையை விட்டுடாத. அங்க மருத்துவக் காப்பீடு இருக்குல்ல?" என்றார். பிறகு டிவியில் ஃபுட்பால் போட்டார்.

நவம்பர் 28, புதன்

ஊபா வீட்டுக்குப் போனேன். போக வேண்டாம் என்று இரண்டு வாரம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். நகரின் வடக்கே மூன்றாம் மாடி. அவளும் இன்னும் நான்கு பெண்களும் இருந்தார்கள். ஊபா இப்போது காலையில் அலுவலகக் கட்டடங்களில் துடைக்கப் போகிறாள், பாதி நேரம்தான். இருபத்தேழு பேரும் சேர்ந்து இலவச சட்ட உதவி வக்கீல் ஒருத்தி மூலம் பாகுபாட்டை விசாரிக்கும் மாநில அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். தொழுகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒவ்வொருவரின் வேலையையும் மேற்பார்வையாளர் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவெடுத்தார் என்று கிடங்கு பதில் கொடுத்திருக்கிறதாம்.

சொல்லிவிட்டேன். பட்டியலை நான்தான் கொடுத்தேன், நான் படித்துப் பார்க்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று. தேநீரில் ஏலக்காய் வாசனை. நான் தலையைத் தூக்கவில்லை.

மூலையில் இருந்த ஒருத்தி சோமாலியில் ஏதோ சொன்னாள். யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. அதுவும் நியாயம்தான்.

ஊபா கோப்பையை வைத்தாள். "மன்னிப்பை நீயே வச்சுக்க. அதை வச்சு நான் வாடகை குடுக்க முடியுமா? எனக்கு ஒண்ணு சொல்லு. என் அட்டையை யார் அமுக்கினது? டுவேனா, மேனேஜரா?"

"யாரும் அமுக்கல."

"யாரும் அமுக்கலன்னா?"

"அஞ்சரைக்கு அதுவே போயிடுச்சு. உங்க பேரைக்கூட யாரும் பாக்கல. மறுநாள் உங்களுக்குத் தெரிஞ்சதுக்கப்புறம்தான் டுவேனுக்கே தெரியும்."

ஊபா அதை மற்றவர்களுக்குச் சோமாலியில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "பாத்துப் பாத்து முடிவெடுத்தோம்னு கிடங்குக்காரன் காகிதத்துல எழுதியிருக்கான். நீ இப்ப சொன்னியே, அதை எழுது."

டிசம்பர் 3, திங்கள்

பிரென்ட் கூப்பிட்டான். மாநில அலுவலகத்துக்குக் கொடுக்க எங்களிடமிருந்து ஒரு கடிதம் வேண்டுமென்று கிடங்கு கேட்டிருக்கிறது. அவனே எழுதி வைத்திருந்தான், டெம்ப்ளேட் எழுதியவள் என்று நான் கையெழுத்துப் போட்டால் போதும். நாலு வரி. எங்கள் சாஃப்ட்வேர் தானாக எந்த முடிவும் எடுப்பதில்லை. அட்டைகளை ரத்து செய்த விதி மேற்பார்வையாளர் டுவேன் எழுதியது. அதை அவர் தன் பொறுப்பில் இயக்கினார்.

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. டுவேன் எழுதினார். டுவேன் இயக்கினார். முட்டி போன, பட்டம் இல்லாத டுவேனின் தலையில் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கிடங்கு அவரை வெளியே தள்ளிவிட்டு, குற்றவாளியை நீக்கிவிட்டோம் என்று சொல்லும். இருபத்தேழு பேருக்கும் எதுவும் வராது. விதி வேறு கிடங்குகளில் ஓடும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுக் குடு" என்றான் பிரென்ட். "யாரும் உன்னைக் குத்தம் சொல்லல, பாரு. கையெழுத்தைத் தவிர உன் பேரே இல்ல."

அதைத்தான் நானும் பார்த்தேன்.

டிசம்பர் 5, புதன்

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதல் தடவை முழுக்கக் கோபம். இரண்டாவது முழுக்க நான், என் வருத்தம், என் அப்பா. யாருக்கு வேண்டும் அது? மூன்றாவதில் யாருக்கும் புரியாத அளவுக்கு டெம்ப்ளேட்.

நாலாவது இப்படி வந்தது:

'ஸ்கிரிப்ட் எழுதுபவர் கூப்பிடக்கூடிய மெத்தட்களின் பட்டியலை ஆகஸ்ட் 29 அன்று நான் தயாரித்தேன். அட்டையை ரத்து செய்யும் மெத்தட் அதில் இருந்திருக்கக் கூடாது. நான் பட்டியலைப் படித்துப் பார்க்காமல் சேர்த்தேன். அக்டோபர் 18 அன்று டுவேனுக்கு அதைக் கொடுத்தபோது, இதில் எதையும் யாரையும் கேட்காமல் கூப்பிடலாம் என்று நான் சொன்னேன். நவம்பர் 8 அன்று ரத்தான அட்டைகளில் எதையும் எந்த மனிதரும் தனியாகப் பார்த்து முடிவெடுக்கவில்லை. அந்த வாரப் பதிவுகள் கிடங்கின் இயந்திரத்தில் உள்ளன. அவற்றைக் கேட்டுப் பெற்றால் நேரமும் தெரியும்.'

பதிவுகளை நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவை என்னுடையவை அல்ல. நான் செய்தது மட்டும் என்னுடையது.

வேலை போனால் காப்பீடு பிப்ரவரியோடு தீரும் என்று கணக்குப் போட்டேன். பல் டாக்டரிடம் இந்த வாரமே போய்விடலாம்.

டிசம்பர் 7, வெள்ளி

கடிதத்தைக் கொடுத்தேன். அதே கடிதம் காலையிலேயே வக்கீலுக்குப் போய்விட்டது என்றும் சொன்னேன்.

பிரென்ட் இரண்டு தடவை படித்தான். "யாருக்கும் இது தேவைப்படல கெண்ட்ரா. உனக்கும்தான்."

"இருபத்தேழு பேருக்குத் தேவைப்படுது."

"என் பதினாலு பேர்?"

இன்றோடு உன் வேலை முடிந்தது என்றான். பதினொரு மணிக்கு ஒரு பெட்டியில் என் கோப்பை, ஸ்வெட்டர், செடி. ஆர்லன் பெட்டியைக் கார் வரை தூக்கி வந்தார். டிக்கியைச் சாத்தும்போது, "செடிக்கு ரொம்பத் தண்ணி ஊத்தாத" என்றார்.

டிசம்பர் 19, புதன்

பனி. விண்ணப்பம் எட்டு. பதில் பூஜ்யம்.

ஜனவரி 17, 2008. வியாழன்

ஆர்லன் போன் செய்தார். மாநில அலுவலகம் அந்த வாரப் பதிவுகளைக் கேட்டிருக்கிறது. கேட்டதுமே கிடங்கு சமரசத்துக்கு இறங்கிவிட்டது. ஐந்தரை, ஐந்தரை, ஐந்தரை என்று இருபத்தேழு தடவை வரும் காகிதத்தை யார்தான் அடுத்தவரிடம் காட்ட விரும்புவார்கள்? இருபத்தேழு பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டும், இழந்த நாட்களுக்குக் கூலி. ஷிஃப்டில் வேண்டிய நேரத்தில் எடுத்துக்கொள்ள எட்டு நிமிடம். அட்டையை இனி ஸ்கிரிப்ட் தொடக் கூடாது.

"கம்பெனி?" என்று கேட்டேன்.

"கிடங்கு இன்னும் நம்மகிட்டதான். பிரென்ட் ரெண்டு பேரை வேலையை விட்டு அனுப்பிட்டான். நான் இருக்கேன்." பிறகு சொன்னார். "அட்டை ரத்துக்குப் புதுசா ஒரு திரை கேட்டாங்க. நான் எழுதினேன். பட்டியல்ல இருந்து ஆளைத் தட்டித் தேர்ந்தெடுக்க முடியாது. அட்டை நம்பர் பன்னெண்டு இலக்கம், கையால அடிக்கணும்."

"அது ரொம்ப மோசமான வடிவமைப்பு ஆர்லன்."

"தெரியும். ஒரு வாரம் உக்காந்து யோசிச்சு மோசமா செஞ்சிருக்கேன்."

வேலை போன அந்த இருவரும் யார் என்று கேட்டேன். சொன்னார். சோதனைப் பிரிவில் ஒருத்தி, வரவேற்பில் ஒருத்தி. இருவரையும் எனக்குத் தெரியும். இதை எழுதாமல் விடக் கூடாது.

பிப்ரவரி 9, சனி

ஊபா வீட்டில் மதியச் சாப்பாடு. ஆட்டிறைச்சிச் சோறு, வாழைப்பழத்தோடு. இருபத்தேழு பேரில் இருபத்தொருவர் திரும்பப் போயிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, அல்லது கிடங்கின் முகத்தில் விழிக்க விருப்பமில்லை.

ஸ்கேனர் இன்னும் அதே மூன்று தடவை கத்துகிறதாம். அதைச் சரிசெய்யாமலே வேலையைத் தொலைத்துவிட்டாயே என்றாள்.

"டுவேன்?"

"இருக்கான். ஸ்கிரிப்ட் எழுதுற வேலையைப் பிடுங்கிட்டாங்க. நீ குடுத்த அந்தப் பிளாஸ்டிக் உறைப் பட்டியலை இன்னும் பாக்கெட்லதான் வச்சிருக்கான், பாவம். முத நாள் எங்கிட்ட வந்து, முட்டிவலி எப்படி இருக்குன்னு கேட்டான். உனக்குத்தானேடா முட்டிவலி, எனக்கா? என்ன பேசறதுன்னு தெரியாம ஏதோ கேட்டுட்டான்."

"புதுத் திரை எப்படி?"

"அதுவா?" என்று சிரித்தாள். "நம்பர் அட்டையில இருக்கு, அட்டை கழுத்துல இருக்கு. நீட்டுன்னு டுவேன் எங்கிட்ட சொல்லணும், கண்ணாடியைப் போட்டுக் குனிஞ்சு பன்னெண்டு நம்பரையும் படிக்கணும், மேல போய் அடிக்கணும். ரெண்டு தடவ தப்பா அடிச்சுட்டுத் திரும்பி வருவான். அதுக்குள்ள நாங்க அவன் பொண்டாட்டி சௌக்கியத்த விசாரிச்சுடுவோம்."

"இதுவரைக்கும் எத்தனை பேர்?"

"ஒண்ணு. சட்டைக்குள்ள ரெண்டு ஜோடி ஷூவை வச்சுக்கிட்டுப் போனவன். அவன் நம்பரை நானே படிச்சுச் சொன்னேன்."

பிப்ரவரி 27, புதன்

புது இடத்தில் மூன்றாவது நாள். மருத்துவமனைகளுக்கு நர்ஸ்களின் ஷிஃப்ட் அட்டவணை போடும் சாஃப்ட்வேர். இங்கும் உள்ளே ஒரு ஸ்கிரிப்ட் மொழி, இங்கும் பாலம் வேண்டும். நர்ஸ் கிளாஸில் நாற்பத்தொரு மெத்தட்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று மேலாளர் கேட்டார். ஒரு வாரம் என்றேன்.

"டெம்ப்ளேட் உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்களே. பத்து நிமிஷ வேலைதானே?"

டெம்ப்ளேட் பத்து நிமிடம்தான் என்றேன். ஒரு வாரம் வேண்டும். ஷிஃப்டில் இருக்கும் நர்ஸ் ஒருவரையும் தினம் ஒரு மணி நேரம் என்னோடு உட்கார வைக்க வேண்டும்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். காத்திருக்கும் நேரத்தில் முதல் மெத்தடைப் படித்தேன்.